துறைமுகத்து மேட்டில், மரங்களுக்கு நடுவில்: திருகோணமலையில் வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டலில் தங்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் தங்க இடம் கேட்டால் எல்லோரும் உப்புவெளி, நிலாவெளி என்று கடற்கரைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பாலையும் வேம்பும் அடர்ந்த ஒரு தனியார் காணிக்குள், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பங்களாவோ வாடிவீடோ இன்றும் ஹோட்டலாக ஓடிக்கொண்டிருந்தால், அங்கே தங்குவதற்கு வேறு விதமான ஆயத்தம் வேண்டும். கடற்கரை ஹோட்டலுக்குப் போகிற எண்ணத்தோடு போனால் முதல் இரவே முறைப்பாடு தொடங்கிவிடும். ஏசி குளிரவில்லை, சீலிங்குக்கு மேல் ஏதோ ஓடுகிறது, வைஃபை அறைக்குள் வரவில்லை, குரங்கு சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன், இவற்றில் முக்கால்வாசியை அறை பிடிக்கும்போதே தவிர்த்துவிடலாம்.

ஹோட்டல் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிக் கட்டடங்கள் கைமாறும், பெயர் மாறும். ஒரு நல்ல சமையல்காரர் விலகினால் இடத்தின் குணமே மாறிவிடும். எந்த இடமானாலும் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, போன பிறகு எப்படி இருப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். 1803இல் கோட்டைக்கு ஃபிரெட்ரிக் என்ற பெயர் வந்தது. 1957 வரை இந்தத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. அதிகாரிகளுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மேடான இடங்களில் வீடுகள் கட்டினார்கள். துறைமுகத்தைச் சுற்றிய மேடுகளிலும் முனைகளிலும் பீரங்கித் தளங்களும் காவல் நிலைகளும் இருந்ததால் அங்கே ஊர் பரவவில்லை, மரங்கள் தப்பின. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் மானும் மயிலும் உலாவும் காடு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்துக் கட்டடம் மின்விசிறி கூட இல்லாமல் வெயிலைச் சமாளிக்கக் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், உயரமான கூரை, வெயில் சுவரில் படாமல் தடுக்கும் அகன்ற விறாந்தை, கதவுக்கு மேலே சூடான காற்று வெளியேற விட்ட திறப்பு, காற்றை விட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் சட்டம் போட்ட யன்னல். எதிரெதிர் யன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால்தான் இதெல்லாம் வேலை செய்யும். பிறகு வந்த முதலாளி ஒருவர் அந்தத் திறப்புகளை அடைத்து, யன்னலுக்குக் கண்ணாடி போட்டு, ஒரு ஏசியைச் சுவரில் மாட்டியிருப்பார். 14 அடி உயர அறையை அந்தச் சின்ன ஏசி குளிராக்க முயன்று இரவு முழுக்க முனகும். காற்றும் இல்லை, குளிரும் இல்லை. என்னைக் கேட்டால், நுளம்பு வலை அடித்த யன்னலும் நல்ல மின்விசிறியும் உள்ள அறை, ஏசி அறையை விட மேல். ஜூன் மாத மத்தியானம் ஒன்றுக்கு மட்டும் இதற்கு விதிவிலக்குக் கொடுக்கலாம்.

அதனால் இங்கே நீங்கள் கொடுக்கும் காசு விறாந்தைக்கும் வளவுக்கும் மரங்களுக்கும்தான். அறைக்குள்ளேயே கிடந்து தொலைக்காட்சி பார்க்கிற ஆட்களுக்கு இது நட்டம். ஓர் இரவு தங்குவதும் நட்டம். பின்னேரம் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை பெட்டி கட்டினால் காணியைப் பார்க்கவே நேரம் இருக்காது. இரண்டு இரவு வையுங்கள்.

‘தனியார் வனம்’ என்று போட்டிருந்தால்

இலங்கையில் காட்டு விலங்குகளுக்கான சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். தேசிய பூங்கா என்றால் முழுக்க அரச காணி. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணியும் வீடும் வயலும் இருக்கலாம். ஹோட்டல் விளம்பரத்தில் வரும் ‘தனியார் இயற்கைக் காப்பகம்’ என்பது பெரும்பாலும் உரிமையாளர் தன் காணியை வெட்டாமல் வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லும் வாசகம். அது நல்ல விஷயம்தான். இருந்தாலும் அந்த வாசகத்தை மட்டும் நம்பாமல் மூன்று கேள்வி கேளுங்கள். காணி எத்தனை ஏக்கர்? அதற்குள் விருந்தினர் நடக்கப் பாதை உண்டா? எல்லைக்கு அடுத்த காணி யாருடையது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். திருகோணமலையில் அடுத்த காணி கடற்படையுடையதாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் பாதை எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் கமராவைத் திருப்பக்கூடாது என்பது முதலே தெரிந்திருக்க வேண்டும். ட்ரோன் கொண்டு போவதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல், அதுவும் ஒரு கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் அதைக் கிளப்புவது, விடுமுறையைப் பொலிஸ் நிலையத்தில் கழிக்க நல்ல வழி.

மாதம் பார்த்துத்தான் அறை

கொழும்பில் மழை கொட்டும் மே முதல் செப்டம்பர் வரை இங்கே வறண்ட காலம். கடல் அமைதியாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும். அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து தரை வழியாகக் கச்சான் காற்று வீசும், அனல் போல. பகலில் மரநிழலில் உட்கார்ந்தால் கூட உதடு காயும். வளவில் புல் கருகிக் கிடக்கும், ஆனால் தண்ணீர் தேடி விலங்குகள் ஒரே இடத்துக்கு வருவதால் அவற்றைப் பார்ப்பது சுலபம். பாலைப்பழம் பழுப்பதும் இந்தப் பருவத்தில்தான். பழம் உதிரும் மரத்தடியில் காலையில் போய் நின்றால் அணிலும் குரங்கும் பறவைகளும் முறை வைத்து வருவதைப் பார்க்கலாம்.

ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரிக்குள் விழுந்துவிடும். நவம்பரும் டிசம்பரும் உச்சம். அப்போது வாடைக்காற்று, கொந்தளிக்கும் கடல், புறாமலைத் தீவுக்குப் படகு இல்லை, வாடகையும் குறையும். பழைய ஓட்டுக்கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு விறாந்தையில் இருக்கப் பிடிக்கும் என்றால் போங்கள், ஆனால் கூரை ஒழுகுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெட்கப்பட வேண்டாம், நூறு வருடக் கூரையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

என் தெரிவு பெப்ரவரி, மார்ச். மழை விட்டிருக்கும், காடு இன்னும் பச்சை, குளங்களில் தண்ணீர் நிற்கும். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த பறவைகளும் திரும்பிப் போயிருக்காது. விடியும்போதும் பொழுதுபடும்போதும் கூப்பிடும் ஆறுமணிக்குருவி ஏறக்குறைய ஏப்ரல் வரை பற்றைக்குள் இருக்கும்.

போன் பண்ணுங்கள்

இணையத்தில் பதிவு செய்யலாம். இருந்தாலும் ஒரு தடவை நேரடியாகப் பேசுங்கள். முதலில், கொடுக்கும் அறை பழைய கட்டடத்திலா, பின்னால் கட்டிய புதிய பகுதியிலா என்று கேளுங்கள். படத்தில் காட்டுவது பழைய விறாந்தையாக இருக்கும், கையில் தருவது பின்பக்கத்து சீமெந்துப் பெட்டியாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். பழைய பகுதியில் எத்தனை அறை, அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன, குளியலறை அறையோடு சேர்ந்ததா, யன்னலுக்கு வலை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் வருமா, விருந்தினர் மாடி ஏற வேண்டுமா என்பதையெல்லாம் கேளுங்கள். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் கடைசிக் கேள்வியை விடக்கூடாது. பழைய படிகள் செங்குத்தானவை, கைப்பிடி இல்லாமலும் இருக்கும்.

பக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்துறைமுகம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. துறைமுகத்தைப் பார்க்கும் அறை என்றால் பொழுது சாய்வது தெரியும், அதே வெயில் மூன்று மணியிலிருந்து அறைக்குள்ளும் வரும், கச்சானும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கிழக்கு அறையில் காட்சி குறைவு, தூக்கம் அதிகம். மே முதல் ஆகஸ்ட் வரை நான் கிழக்கு அறையைக் கேட்டு, பொழுதுபடும் நேரத்துக்கு விறாந்தைக்கு வந்துவிடுவேன்.

விலை கேட்கும்போது ‘எல்லாம் சேர்த்தா?’ என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். இவை சேர்ந்ததும் திரையில் பார்த்த தொகை வேறொன்றாகிவிடும். உள்ளூர் ஆட்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை என்பதும் உண்டு. அண்ணன் கனடா, நான் திருகோணமலை என்று கலந்து போகும் குடும்பங்கள் அதை வாசலில் வைத்துப் பேசாமல் முதலே பேசிவிடுவது நல்லது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். போயா நாளில் மதுபானம் விற்க மாட்டார்கள், தேதி பார்க்கிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி

கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ6 வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு படகுப்பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. ரயிலில் வந்தால் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரியும், சரியான பெட்டியில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலான காட்டுப்பகுதியைப் பொழுதுபட முன் கடந்துவிட வேண்டும். யானை வீதியில் நின்றால் லைட் அடித்து, ஹோர்ன் அடித்து விரட்டப் பார்க்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்திக் காத்திருப்பதுதான் வழி.

போய்ச் சேர்ந்த முதல் மணித்தியாலம்

பெட்டியை இறக்கும் முன் அறையைப் பாருங்கள். யன்னல்களைத் திறந்து மூடுங்கள், வலையில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். பழைய இரும்புக் குழாயில் முதலில் செம்பழுப்பாக வந்து பிறகு தெளியும், அது சாதாரணம். தெளியாமலே இருந்தால்தான் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு நுளம்பு வலை இல்லையென்றால் அப்போதே கேட்டு வாங்குங்கள். இரவு பத்து மணிக்குக் கேட்டால் சாவி வைத்திருக்கும் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்புறம் குரங்கு. செங்குரங்குகளுக்கு ஹோட்டலின் நேரசூசி மனப்பாடம். காலைச் சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாத அறை எது, திறந்த யன்னல் எது என்று அவற்றுக்குத் தெரியும். பற்பசை, சவர்க்காரம், பிஸ்கட், மருந்துப் பொட்டலம் எதையும் வெளியில் வைக்க வேண்டாம். அறையை விட்டுப் போகும்போது வலை இல்லாத யன்னலை மூடிவிட்டுப் போங்கள். கையில் எடுத்த பொருளைப் பறிக்கப் போகாதீர்கள், கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

மானுக்குச் சாப்பாடு கொடுக்கவே கூடாது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து வாங்கித் தின்று பழகிவிட்டன, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. காணிக்குள்ளாவது அவை மான்களாக இருக்கட்டும்.

விடியற்காலை நடை

நீங்கள் கொடுத்த காசின் பெரும்பகுதி இந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் திரும்பி வரும், எனவே ஆறு மணிக்கு முன் எழும்புங்கள். முதல் நாள் இரவே குசினியில் சொல்லிவைத்தால் ஐந்தரைக்கு ஒரு பிளேன்ரீ வைத்துத் தருவார்கள். ஹோட்டலில் வழிகாட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் வளவில் வேலை செய்யும் பழைய தோட்டக்காரரிடம் கேளுங்கள். எந்த மரத்தில் எது இரவில் அடையும் என்று புத்தகத்தை விட அவருக்குத் தெரியும்.

மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கால்சட்டையின் நுனியைச் சொக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். காரணம் பாம்பு மட்டுமல்ல, உண்ணி. மான் நடக்கும் புல்லில் கடுகு அளவு உண்ணிகள் நிறைய இருக்கும். திரும்பி வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டுக் குளியுங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம், காய்ந்த இலைக் குவியலுக்குள் கால் வைக்க வேண்டாம். புடையன் அங்கேதான் கிடக்கும்.

மரங்களைப் பார்த்து நடப்பதும் ஒரு சுகம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல், விளா இவைதான் இந்தக் காட்டின் சொந்தக்காரர்கள். மெதுவாக வளரும், உள்ளே இறுகியிருக்கும். முதிரையும் கருங்காலியும் தளபாடத்துக்காக ஒரு காலத்தில் வெட்டி ஏற்றப்பட்டவை. சாப்பாட்டு அறையில் இருக்கும் பழைய மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே அதே மரம் நிற்கிறதா என்று தேடுங்கள். தேக்கு பெரும்பாலும் நட்டது, வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே தெரியும். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆலும் அரசும் அழகுதான், ஆனால் அவற்றின் வேர் சுவருக்குள் போயிருக்கிறதா பாருங்கள். கட்டடத்தை உரிமையாளர் எப்படிக் கவனிக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பறவைகளில் மயிலும் காட்டுக்கோழியும் உங்களைத் தேடி வரும். இருவாச்சியைப் பார்க்க அத்திமரம் பழுத்திருக்க வேண்டும். சிறகடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஆளைக் காண்பீர்கள். தண்ணீர் ஓரத்தில் மீன்கொத்தி, கொக்கு, சில வேளை ஆளைப் பார்த்ததும் தொப்பென்று குதிக்கும் கபரக்கொய்யான் என்ற பெரிய நீர் உடும்பு. சத்தமாகப் பேசாமல் நடந்தால் போதும், விலை உயர்ந்த கமரா தேவையில்லை. எட்டு மணிக்கு வெயில் ஏறிவிடும், எல்லாம் அடங்கிவிடும், நீங்களும் திரும்பிவிடலாம்.

உள்துறைமுகப் பக்கம் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்க நினைக்காதீர்கள். உலகின் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் ஆழம் அது, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கால் எட்டாது. குளிப்பதற்கு உப்புவெளிக்குப் போங்கள்.

பகலும் இரவும்

பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை காட்டில் எதுவும் நடக்காது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து தூங்குவது, வாசிப்பது, பிள்ளைகள் சிவப்புச் சீமெந்துத் தரையில் படுத்து விளையாடுவது. இந்த நேரத்தை வெளியே போகவும் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். காலையில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பெரியகுளத்துக்குப் பக்கத்து வெல்கம் விகாரையும் ஒரு பாதை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கிய அந்த விகாரையில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பின்னேரம் கோட்டைக்குள் இருக்கும் கோணேஸ்வரம் கோயில் தனியாக. கோட்டை வாசலைக் கடக்கும்போது நின்று பாருங்கள், பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் கல்லில் இருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் ஆர்வம் உள்ளவர்கள் நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்குப் போகலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. நீங்கள் தங்கியிருக்கும் கட்டடம் அதற்கு முன் கட்டியதா பின் கட்டியதா என்று வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் சொல்லும் ஹோட்டல், தன் கட்டடத்தை மதிக்கும் ஹோட்டல்.

இரவில் சீலிங்குக்கு மேலே ஓடுவது பெரும்பாலும் மரநாய். பேய் இல்லை, கள்ளனும் இல்லை. வெளியே நடக்கும்போது டோர்ச் கட்டாயம், தொலைபேசி வெளிச்சம் காணாது. காலில் சப்பாத்து இருக்கட்டும், காலையில் போடும்போது தட்டிவிட்டுப் போடுங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ். விஷமுறி மருந்து ஊருக்குள் இருக்கும் அரச ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும், பெரும்பாலான மேடுகளிலிருந்து அது தூரமில்லை.

சாப்பாடு

இந்த இடங்களில் ‘வெள்ளைக்காரச் சாப்பாடு’ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். சூப், பொரித்த கோழி, கரமெல் புடிங். புடிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். குசினியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஊர் ஆட்கள். காலையிலேயே சொன்னால் இராச்சாப்பாட்டுக்கு நண்டுக் கறியோ கணவாய்ப் பிரட்டலோ, இடியப்பமும் சொதியும் வைத்துத் தருவார்கள். மீன் அன்று பிடித்ததா என்று கேட்டுவிட்டு என்ன மீன் என்பதை அவர்களிடமே விடுங்கள். மரக்கறிக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பருப்பும் பாணும்தான்.

கடைசி நாள்

பில்லை முதல் நாள் இரவே கேட்டு வாங்குங்கள். காலையில் அவசரத்தில் வாசித்தால், எடுக்காத தண்ணீர்ப் போத்தலும் கேட்காத வழிகாட்டிக் கட்டணமும் உள்ளே இருப்பது தெரியாது. சேவைக் கட்டணம் பில்லில் இருந்தாலும், விடிய உங்களோடு நடந்த தோட்டக்காரருக்கும் இரவு வாசலில் இருந்த காவலாளிக்கும் கையில் தனியாகக் கொடுங்கள். பொலித்தீன், வெற்றுப் போத்தல், பற்றரி எல்லாவற்றையும் அறைக் குப்பைத் தொட்டியில் விடாமல் ஊருக்குள் கொண்டு போய்ப் போடுங்கள். காணிக்குள் கொட்டப்படும் குப்பை இரவோடு இரவாக மானின் வயிற்றுக்குள் போகும். அடுத்த தடவைக்கு எந்த அறை வேண்டும் என்று இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, மேலாளரின் நேரடி எண்ணையும் வாங்கிவிட்டுப் புறப்படுங்கள்.